கசியாத கியர்பாக்ஸ்: பேக்கிங் மாட்டுவதும் அமானிதம்தான்

 

நமது மடலின் 'தொழில் பாடம்' பகுதியில் இம்முறை, காரின் கியர்பாக்ஸைப் பிரித்து மீண்டும் பூட்டும்போது பேக்கிங் மாட்டும் முறையையும், எண்ணெய் கசியாமல் காக்கும் வழிகளையும் எழுதுகிறோம். "இது மெக்கானிக் கடைப் பையன்களுக்கான விஷயம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். நம் மஹல்லாவில் பட்டறைகளில் வேலை கற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். துணி ரோல் ஏற்றவும் பீஸ் கொண்டுபோய்ப் போடவும் ஓம்னியோ டாட்டா ஏஸோ வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. வேலை செய்பவருக்கும், செய்யச் சொல்பவருக்கும் இதில் பங்கு உண்டு.

இதை எழுதக் காரணமான சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். அதில் எங்கள் தவறும் இருக்கிறது.

எங்கள் வண்டியில் நடந்தது

நோயாளிகளை ஏற்றிச் செல்ல நமது அறக்கட்டளை ஒரு மாருதி ஓம்னியை வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். எந்தச் சந்திலும் நுழையும், எந்த ஊரிலும் உதிரிபாகம் கிடைக்கும் என்றுதான் அதை வாங்கினோம். சென்ற ஆண்டு இரண்டாம் கியர் சரியாக விழவில்லை. ஒரு பட்டறையில் கியர்பாக்ஸை இறக்கி, தேய்ந்த பாகங்களை மாற்றினார்கள். பூட்டும் நேரத்தில் மெக்கானிக் தம்பி எங்களிடம் கேட்டார்: "பாய், ஆயில் சீல் எல்லாம் புதுசு போட்டுடலாங்களா? நானூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுடுங்க."

நாங்கள் சொன்ன பதில் இது: "பழசு நல்லாத்தானே தம்பி இருக்கு, அதையே போடுங்க. இது ஜமாஅத் காசு. நாளைக்கு வண்டி வேணும்."

மறுநாளே வண்டி வந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து, வண்டி நிற்கும் இடத்தில் கைக்குட்டை அளவுக்கு எண்ணெய்க் கறை தெரிந்தது. மண் தூவினோம். பிறகு அட்டை விரித்தோம். நனைந்த அட்டையை மாற்றிக்கொண்டே இருந்தோமே தவிர, ஒருநாளும் குனிந்து வண்டியின் அடியைப் பார்க்கவில்லை.

நான்காம் மாதம் ஒரு நாள், கோவையில் சிகிச்சை முடிந்த ஒரு பெரியவரையும் அவர் மகளையும் ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. கருமத்தம்பட்டி தாண்டியதும் அடியிலிருந்து ஓர் உறுமல் சத்தம். ஓட்டுநர் ஓரம் கட்டுவதற்குள் கியர் சிக்கி வண்டி நின்றுவிட்டது. இரவு ஒன்பது மணி. "அத்தாவுக்கு மயக்கமா வருதுங்கறாங்க, வேற வண்டி ஏதாச்சும் அனுப்புவீங்களா?" என்று அந்தச் சகோதரி போனில் கேட்டபோது எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. 108 வந்து அவரை ஏற்றிக்கொள்ளும்வரை இருவரும் சாலையோரம் காத்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்.

பிறகு அனுபவமுள்ள வேறொரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுத்தோம். அவர் எங்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பெட்டியைப் பிரித்தார். உள்ளே ஒரு டம்ளர் எண்ணெய்கூட மிச்சமில்லை. பேரிங்குகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. அன்று அவர் ஐந்து தவறுகளைத் தொட்டுக் காட்டினார். அந்த ஐந்தும்தான் இன்றைய பாடம்.

எண்ணெய் எந்த வழியாக வெளியேறும்?

கியர்பாக்ஸ் என்பது பல்சக்கரங்களும் தண்டுகளும் எண்ணெயில் நனைந்தபடி சுழலும் ஓர் அலுமினியப் பெட்டி. அதை ஒரே வார்ப்பாகச் செய்ய முடியாது. பிரித்து மாட்ட வசதியாக இரண்டு, மூன்று பாகங்களாகச் செய்து போல்ட்டால் இணைத்திருப்பார்கள். ஆகவே எண்ணெய் வெளியேற மூன்று வகை வழிகள் உண்டு.

ஒன்று, அசையாத இணைப்புகள். இரு பாகங்களின் முகங்கள் சேரும் இடம் இது. இங்கேதான் கேஸ்கெட், அதாவது நம் பட்டறைகளில் சொல்லும் பேக்கிங் வரும். அது காகிதமாகவோ, கார்க்காகவோ, ரப்பராகவோ இருக்கலாம். மாருதி 800 போன்ற வண்டிகளில் பெட்டியின் இரு பாதிகளுக்கு நடுவே காகிதமே கிடையாது. குழாயிலிருந்து பிதுக்கிப் பூசும் சீலன்ட்தான் அங்கே பேக்கிங்.

இரண்டு, சுழலும் தண்டு வெளியே வரும் இடங்கள். இங்கே ஆயில் சீல் இருக்கும்.

மூன்று, திருகு வைத்த ஓட்டைகள். எண்ணெய் ஊற்றும் பிளக், வடிக்கும் பிளக், ரிவர்ஸ் விளக்கின் சுவிட்ச், ஸ்பீடோமீட்டர் கேபிள் நுழையும் இடம் ஆகியவை.

கண்ணுக்குத் தட்டையாகத் தெரியும் உலோக முகத்திலும் மேடுபள்ளம் உண்டு. இரண்டு முகங்களை எவ்வளவு அழுத்தினாலும் நடுவே மெல்லிய இடைவெளிகள் இருந்தே தீரும். அவற்றை நிரப்புவதுதான் பேக்கிங்கின் வேலை. அதோடு வெப்பமும் சேர்கிறது. 30 சென்டிமீட்டர் நீள அலுமினியம் 60 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள இரும்பு அதில் பாதிதான் நீளும். பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. ஒவ்வொரு பயணத்திலும் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குகின்றன. இந்த அசைவைத் தாங்கிக்கொண்டு பேக்கிங் அடைத்து நிற்க வேண்டும். நிறுத்தியிருக்கும்போது கசியாத வண்டி, ஓடிச் சூடேறிய பின் கசிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் தவறு: முகம் சுத்தமாகவில்லை

எங்கள் பெட்டியின் இணைப்பு முகத்தில் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டிய கீறல்கள் இருந்தன. ஒரு மூலையில் பழைய பேக்கிங்கின் துணுக்கு ஒட்டியபடியே இருந்தது. அதன் மேலேயே புது சீலன்ட்டைப் பூசியிருந்தார்கள்.

இதை நம் வீட்டார் அனைவருக்கும் விளங்கும்படி சொல்லலாம். வுளூ செய்யும்போது கையில் மருதாணி நிறம் இருந்தால் தடையில்லை. தண்ணீர் தோலைத் தொடுகிறது. நகப்பூச்சோ மெழுகோ இருந்தால், தண்ணீர் தோலில் படாததால் வுளூ கூடாது. இணைப்பு முகமும் இப்படித்தான். உலோகத்தில் ஏறிய பழைய கருப்பு நிறத்தால் கெடுதல் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தாலும் சீலன்ட் உலோகத்தைத் தொடாது. எண்ணெயின் மேல்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். சூடேறியதும் உரிந்து வந்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை:

பழைய பேக்கிங்கை பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுக்க வேண்டும். கூர்மையான இரும்பு அலுமினியத்தைக் கீறும். முகத்துக்குக் குறுக்கே ஓடும் ஒரு கீறல் எண்ணெய்க்கு வாய்க்காலாகிவிடும். கிரைண்டரில் எமரி சக்கரம் மாட்டித் தேய்ப்பது அதைவிட மோசம். அது முகத்தைப் பள்ளமாக்கும். உதிரும் தூள் உள்ளே போய்ப் பேரிங்கைத் தின்னும்.

சுரண்டும்போது பெட்டியின் திறந்த வாயைத் துணியால் மூட வேண்டும். போல்ட் ஓட்டைகளில் தேங்கிய எண்ணெயை ஊதி வெளியேற்ற வேண்டும். அடிமூடிய ஓட்டையில் எண்ணெய் நின்றால் போல்ட் முழுதாக இறங்காது. இறுக்கிவிட்டதாகக் கைக்குத் தோன்றும், பேக்கிங் அழுந்தியிருக்காது. கட்டாயமாக இறுக்கினால் வார்ப்பே வெடிக்கக்கூடும்.

கடைசியாக, விரைவில் ஆவியாகும் பிரேக் கிளீனர் போன்ற திரவத்தால் இரு முகங்களையும் துடைத்துக் காயவிட வேண்டும். பெட்ரோலால் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தீ ஆபத்து உண்டு.

இங்கே நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கை. நம் கட்டிங் டேபிளில் விழும் பனியன் வேஸ்ட்தான் பட்டறைகளில் துடைக்கும் துணி. எண்ணெயை உறிஞ்ச அதைப்போல வேறில்லை. ஆனால் வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சும் நூலும் உதிரும். எங்கள் பெட்டியின் இணைப்பைப் பிரித்தபோது சீலன்ட்டுக்குள் ஒரு வெள்ளை நூல் குறுக்கே கிடந்தது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் அந்த நூல் உள்ளிருந்த எண்ணெயை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. முதல் துடைப்புக்குப் பனியன் வேஸ்ட் போதும். கடைசித் துடைப்புக்கு நூல் உதிராத, மடித்துத் தைத்த நெசவுத் துணியை வைத்துக்கொள்ளுங்கள்.

துடைத்தபின் ஒரு நேர்ச்சட்டத்தை முகத்தின் மேல் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். முகம் வளைந்திருந்தால் எந்தப் பேக்கிங்கும் காப்பாற்றாது. அதைச் சமன் செய்ய லேத் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இரண்டாம் தவறு: சிலிகானை அள்ளிப் பூசியது

கசியக் கூடாது என்ற எண்ணத்தில் சிலர் சிலிகானைத் தாராளமாகப் பூசுகிறார்கள். இறுக்கும்போது மிகுதி இரு பக்கமும் பிதுங்கும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும்; துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் பிதுங்கி நிற்கும். அது புழுப்போல் தொங்கி, பிறகு அறுந்து எண்ணெயில் மிதந்து, பேரிங்குக்கு எண்ணெய் போகும் சிறு துளையை அடைக்கும். எங்கள் பெட்டியில் அப்படி ஒரு துண்டைக் குறடால் எடுத்துக் காட்டினார்.

முதல் விதி: வண்டிக்கு எது சொல்லப்பட்டிருக்கிறதோ அதையே போட வேண்டும். காகிதப் பேக்கிங் உள்ள இடத்தில் காகிதமே வர வேண்டும். சில பெட்டிகளில் காகிதத்தின் கனத்தைக் கணக்கிட்டுத்தான் பேரிங்கின் இடைவெளியை வைத்திருப்பார்கள். காகிதத்தை எடுத்துவிட்டு வெறும் சிலிகான் பூசினால் பேரிங் நெருக்கப்படும். தடிமனான அட்டையை வெட்டிப் போட்டால் தண்டு ஆடும். பழைய பேக்கிங்கை அளந்து, அதே கனத்தில் புதியது வாங்குங்கள்.

காகிதப் பேக்கிங்கைப் போடுமுன் எல்லா ஓட்டைகளும் பொருந்துகின்றனவா என்று வைத்துப் பாருங்கள். எண்ணெய் செல்லும் துளையை அது மறைக்கக் கூடாது. கடையில் நாள்பட்ட கார்க் பேக்கிங் காய்ந்து சுருங்கியிருந்தால், சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் போட்டால் பழைய அளவுக்கு வரும். ஒருமுறை அழுந்திய பேக்கிங்கை மறுபடி போடக் கூடாது.

சீலன்ட் மட்டும் உள்ள பெட்டிக்கு, எண்ணெய்க்குத் தாங்கும் வகையைத்தான் வாங்க வேண்டும். கண்ணாடி ஒட்டவும் குளியலறை மூலைக்குப் பூசவும் விற்கும் சிலிகான் இதற்கு ஆகாது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிப்பில், அறுபடாத ஒரே கோடாக ஒரு முகத்தில் மட்டும் இழுக்க வேண்டும். போல்ட் ஓட்டை வரும் இடத்தில் கோடு அதன் உட்பக்கமாக வளைந்து செல்ல வேண்டும். வெளிப்பக்கமாகப் போனால், எண்ணெய் போல்ட் வழியே ஏறி அதன் தலையடியில் வந்து நிற்கும். எண்ணெய் இருக்கும் அறைக்குள்ளேயே நீண்டு போகும் போல்ட்டுகளின் மரையிலும் சிறிது சீலன்ட் தடவ வேண்டும்.

கோடு இழுத்த சில நிமிடங்களில் மேல்தோல் கட்டத் தொடங்கும். அதற்குள் மூட வேண்டும். ஆகவே போல்ட், ஸ்பேனர் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே குழாயைத் திறங்கள். ஒருமுறை மூடியபின் சரியாக உட்காரவில்லை என்று தூக்கினால், அதை முழுதும் துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் இழுக்க வேண்டும். பூட்டியபின் குழாயில் போட்டிருக்கும் நேரம்வரை, வழக்கமாக ஒரு நாள், காயவிட வேண்டும். "நாளைக்கு வண்டி வேணும்" என்று நாங்கள் அவசரப்படுத்தியபோது இந்த நேரத்தைத்தான் திருடினோம்.

மூன்றாம் தவறு: இறுக்கிய முறை

எங்கள் பெட்டியில் இரண்டு போல்ட் தளர்ந்திருந்தன. ஒன்றின் மரை பெட்டியிலேயே உரிந்து போயிருந்தது. கை பலத்தை மட்டும் நம்பி இறுக்கியதன் அடையாளம் இது.

முதலில் எல்லா போல்ட்டுகளையும் விரலால் திருகி உட்கார வைக்க வேண்டும். இரு பாகங்களையும் நேர்படுத்தும் டவல் பின்கள் தம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாகங்கள் கையழுத்தத்தில் ஒன்று சேர வேண்டும். சேரவில்லை என்றால் உள்ளே ஏதோ இடிக்கிறது என்று பொருள். போல்ட்டால் இழுத்துச் சேர்க்கக் கூடாது.

பிறகு நடுவிலிருந்து வெளியே, ஒன்றுக்கு எதிர் மூலையில் மற்றொன்று என்று, இரண்டு மூன்று சுற்றாக இறுக்க வேண்டும். வரிசையாக ஒரு ஓரத்திலிருந்தே இறுக்கிக்கொண்டு போனால் மறு ஓரம் தூக்கிக்கொள்ளும். பேக்கிங் ஒரு பக்கம் நசுங்கி, மறு பக்கம் வாய் திறந்திருக்கும்.

எவ்வளவு இறுக்கம்? அதற்கு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகம்தான் அதிகாரம். 12 நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட் அலுமினியத்தில் இறங்கும் இடங்களில் பெரும்பாலும் 20 நியூட்டன் மீட்டரைச் சுற்றி இருக்கும். அதாவது 20 சென்டிமீட்டர் நீள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் வரும் இறுக்கம். வாலிபப் பிள்ளைகள் முழு பலத்தையும் போட்டால் இதைவிடப் பல மடங்கு போகும். அலுமினிய மரைக்கு அது தாங்காது. ஆகவே டார்க் ரெஞ்ச் ஆடம்பரம் அல்ல.

நான்காம் தவறு: பழைய ஆயில் சீல்

இதுதான் நாங்கள் கேட்டு வாங்கிய தவறு. எங்கள் வண்டியில் எண்ணெய் அதிகமாக வெளியேறியது, பெட்டியின் பின்முனையில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்திலிருந்த பழைய சீல் வழியாகத்தான்.

ஆயில் சீல் என்பது இரும்பு வளையத்தின் மேல் வார்த்த ரப்பர் உதடு. உதட்டின் பின்னால் மெல்லிய சுருள்கம்பி ஒன்று அதைத் தண்டோடு அணைத்துப் பிடிக்கும். வெயிலிலும் சூட்டிலும் நாள்பட்ட ரப்பர் இறுகிப்போகும். ஓடிக்கொண்டிருந்தவரை தேய்ந்த தண்டின் அதே தடத்தில் அது எப்படியோ பொருந்தியிருக்கும். கழற்றி மாட்டினால் தடம் மாறும், கசியும். "பழசு நல்லாத்தானே இருக்கு" என்று எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது அதன் வெளித்தோற்றம் மட்டுமே.

இந்தச் சிறு பொருளுக்கும் தோல் தொழிலுக்கும் ஓர் உறவு உண்டு. ஜெர்மனியில் ஃப்ராய்டன்பெர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனம் 1929-இல் தோலால் சீல் செய்யத் தொடங்கி, 1930-களில் செயற்கை ரப்பருக்கு மாறியது. ஆம்பூர், வாணியம்பாடியில் நம்மவர்கள் பலர் செய்துவரும் அதே தொழிலிலிருந்துதான் இன்று உலகின் வண்டிகளில் இருக்கும் இந்த சீல் வளர்ந்தது.

புது சீல் மாட்டும் முறை: பழையதை நெம்பி எடுக்கும்போது அதன் குழியைக் கீறக் கூடாது. சுருள்கம்பி உள்ள பக்கம், உதடு எண்ணெயை நோக்கி இருக்க வேண்டும். உதட்டில் அதே கியர் எண்ணெயைத் தடவ வேண்டும். உலர்ந்து ஓடினால் முதல் சில நிமிடங்களிலேயே உதடு கருகும். சீலின் வெளிவட்ட அளவுள்ள சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். சுத்தியலால் ஒரு பக்கம் அடித்தால் சீல் சாய்ந்து உட்காரும். பல் வெட்டிய தண்டின் மேல் நுழைக்கும்போது பற்களை டேப்பால் சுற்றிக்கொண்டால் உதடு கிழியாது.

தண்டின் மேல் உதடு ஓடிய இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது சீலும் கசியும். சீல் குழியில் இடமிருந்தால், உதடு பள்ளத்தில் படாதவாறு சற்று முன்பின் தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். முன்பக்க சீலை மறந்துவிடாதீர்கள். அது கசிந்தால் எண்ணெய் கிளட்ச் பிளேட்டில் படும். கிளட்ச் வழுக்கும். நூறு ரூபாய் சீலுக்காக மறுபடி முழுப் பெட்டியையும் இறக்க வேண்டிவரும்.

ஐந்தாம் தவறு: அடைத்த மூச்சுத் துளை, பழைய வாஷர்

பெட்டி சூடேறும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேற மேலே பிரீதர் என்ற சிறு மூச்சுத் துளை உண்டு. எங்கள் வண்டியில் அது சேற்றால் அடைத்திருந்தது. காற்று போக வழியில்லாமல் எண்ணெயைத் தள்ளியது. புது சீல், புது பேக்கிங் போட்டும் கசிகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். கழுவி, ஊதிப் பார்த்தாலே போதும், செலவே இல்லை.

பிளக்குகளின் செம்பு அல்லது அலுமினிய வாஷர் நசுங்கித்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் அது அடைக்காது. புதியது போடுங்கள். கசிகிறதே என்று பிளக்கை மேலும் மேலும் இறுக்கினால் மரைதான் போகும்.

எண்ணெய் ஊற்றுவதும் சோதிப்பதும்

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிய நிலையில் அளவு பார்த்தால் கணக்குத் தப்பும். பெரும்பாலான பெட்டிகளில் ஊற்றும் ஓட்டையின் கீழ்விளிம்பில் எண்ணெய் எட்டிப் பார்ப்பதே சரியான அளவு. அதிகம் ஊற்றினாலும் சீல் வழியே கசியும். புத்தகத்தில் சொன்ன வகை எண்ணெயையே ஊற்றுங்கள். 'ஜிஎல்-4' கேட்கும் பெட்டிக்கு, உயர்ந்தது என்று எண்ணி 'ஜிஎல்-5' ஊற்றினால், அதிலுள்ள சில வகை ரசாயனங்கள் பித்தளை சின்க்ரோ வளையங்களைக் கெடுக்கக்கூடும்.

பிறகு பெட்டியின் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்து, பத்து, பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள். இணைப்புகளின் மேல் முகப் பவுடர் தூவிவிட்டால் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். சொட்டு விழும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணெய் கீழே வழியும். ஓடும் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்திருப்பதில் மிக மேலே, மிக முன்னே உள்ள இடத்தைத் தேடுங்கள். அது இன்ஜின் எண்ணெயா, கியர் எண்ணெயா என்ற சந்தேகம் வந்தால் முகர்ந்து பாருங்கள். கியர் எண்ணெயில் கந்தக நெடி அடிக்கும்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். நொய்யல் பட்டது போதும். சட்டப்படி அது அபாயக் கழிவு. கேனில் சேர்த்து, அனுமதி பெற்று மறுசுழற்சி செய்வோரிடம் சேருமாறு கொடுத்துவிடுங்கள்.

வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றால் அற்பமாகத் தோன்றும். ஒரு நாளைக்கு அது 1,440 சொட்டு. 25 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலும் நாளுக்கு 57 மில்லி; பதினெட்டு நாளில் ஒரு லிட்டருக்கு மேல். இதுபோன்ற சிறு வண்டியின் பெட்டி கொள்வதே ஒன்று, ஒன்றரை லிட்டர்தான். கியர்பாக்ஸில் எண்ணெய் குறைந்தால் எச்சரிக்க டேஷ்போர்டில் விளக்கு கிடையாது. வண்டி நின்ற இடத்துத் தரைதான் எச்சரிக்கை.

ஆகவே வாரம் ஒருமுறை இரவில் வண்டிக்கு அடியில் ஒரு செய்தித்தாளை விரித்து, ஃபஜ்ருக்குப் பின் பாருங்கள். கறை இருந்தால் அதை மறைக்க மண் தேடாதீர்கள். பட்டறையில் வேலை கொடுக்கும்போது, "சீல், பேக்கிங், வாஷர் எல்லாம் புதுசா போடுங்க, காய ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை" என்று நீங்களே சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

நம் ஊர்க்காரருக்கு எண்ணெய்க் கறையின் விலை தெரியாதா? நிட்டிங் மெஷினில் விழும் ஒரு சொட்டு, செக்கிங்கில் பீஸைத் தள்ளிவிடுகிறது. அது செகண்ட்ஸ் ஆகிக் காதர்பேட்டைக்குப் போகிறது. துணியில் இவ்வளவு கவனமாக இருக்கும் நாம், உயிர்களை ஏற்றும் வண்டியின் அடியில் அதே கறையைப் பார்த்துவிட்டு அட்டை விரித்தோம்.

அமானிதம்

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்ட சம்பவம் நாம் அனைவரும் அறிந்ததே. மேலே உலர்ந்ததும் அடியில் நனைந்ததுமாக விற்ற வணிகரை அவர்கள் கண்டித்தார்கள். குறையை மக்கள் பார்க்கும்படி வைக்கவில்லை என்பதே அவர் செய்த குற்றம். கசியும் பெட்டியை வெளியே பளபளவென்று துடைத்து, சாவியைக் கொடுத்து அனுப்புவதும் இந்தக் குவியலைப் போன்றதுதான். பட்டறையில் இருக்கும் நம் பிள்ளைகள் இதை மனதில் வைக்க வேண்டும். மூடியபின் உள்ளே நாம் என்ன செய்தோம் என்று வாடிக்கையாளர் பார்க்க முடியாது. அல்லாஹ் பார்க்கிறான்.

எங்களுக்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஜமாஅத் காசு அமானிதம் என்று எண்ணி நானூறு ரூபாயை மிச்சம் பிடித்தோம். அந்த வண்டியில் ஏறும் நோயாளியும் அமானிதம் என்பதை மறந்தோம். ஒரு அமானிதத்தைக் காட்டி மற்றொன்றைக் கைவிடக் கூடாது. பழுதுக்கான பெருஞ்செலவை நிர்வாகிகள் எங்களுக்குள் பகிர்ந்துகொண்டோம். பொதுநிதியில் கை வைக்கவில்லை. அந்தப் பெரியவர் வீட்டுக்கும் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். "வண்டியைச் சரி பண்ணிட்டீங்களா? அது போதும்" என்றார் அவர்.

இப்போது நமது அலுவலகத்தில் ஒரு டார்க் ரெஞ்சும், ஃபீலர் கேஜும், நேர்ச்சட்டமும் வாங்கி வைத்திருக்கிறோம. பட்டறையில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் அஸருக்குப் பின் வந்து பெயர் எழுதி வைத்து எடுத்துச் செல்லலாம். வேலை முடிந்ததும் துடைத்துத் திருப்பித் தர வேண்டும்.

நம் கைகளின் உழைப்பை அல்லாஹ் ஹலாலானதாகவும், பரக்கத் உள்ளதாகவும் ஆக்கி வைப்பானாக! ஆமீன்.